கடலும் பழங்கோயிலும் ஒரே பயணத்தில்: தா நாங்கிலிருந்து அங்கோர் வரை

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: டிசம்பர் கடைசியில் பத்து நாள் விடுப்பு இருக்கிறது, நீங்களும் உங்கள் மனைவியும் அறுபத்தெட்டு வயதான உங்கள் அம்மாவும் திருச்சியிலிருந்து புறப்படுகிறீர்கள், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் மூன்றிலும் பழைய கோயில்களையும் நல்ல கடற்கரைகளையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும், எந்த வரிசையில் போவது? வரிசைக்கு வருமுன் உங்கள் திட்டத்தில் இரண்டு திருத்தங்கள் செய்ய வேண்டியிருக்கிறது. மூன்று நாடுகளில் தாய்லாந்தை இம்முறை விட்டுவிடுங்கள். விடுப்பை மாற்ற இயலுமானால் டிசம்பரை மார்ச்சுக்குத் தள்ளுங்கள். இந்தப் பாதையில் இரண்டு முறை போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முதல் முறை போனது தவறான மாதத்தில்.

மாதம் ஏன் முக்கியம் என்பதைத் தமிழ்நாட்டுக்காரருக்கு விளக்குவது எளிது. நம் கிழக்குக் கரைக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் வியட்நாமின் நடுக்கரையிலும் கடலைத் தாண்டி வந்து, உள்ளே இருக்கும் திருவோங் சோன் மலைத்தொடரில் மோதி, செப்டம்பர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது. அக்டோபரும் நவம்பரும் உச்சம். அங்கிருந்து மலைக்கு அப்பால், உள்நாட்டில் கிடக்கும் சியெம் ரீப்புக்கு, அதாவது அங்கோர் கோயில்களை ஒட்டிய கம்போடிய நகரத்துக்கு, இந்த மழை எட்டுவதில்லை. அங்கே மழை தருவது தென்மேற்குப் பருவம், மே முதல் அக்டோபர் வரை. ஆகவே அங்கோருக்குப் போக அருமையான மாதங்கள் என்று எல்லோரும் சொல்லும் நவம்பர், டிசம்பரில், சில நூறு கிலோமீட்டர் கிழக்கே வியட்நாமின் தா நாங் கடற்கரையில் சிவப்புக் கொடி பறந்துகொண்டிருக்கும். ஒரே பயணத்தில் இரண்டையும் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான்: ஊர்களைத் தேர்ந்தெடுத்த பிறகு மாதத்தைப் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் ஓர் ஐப்பசியில் போய், தா நாங்குக்குத் தெற்கே உள்ள ஹோய் ஆன் பழைய நகரத்தில் முழங்கால் அளவு தண்ணீரில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, விடுதிக்காரர் ஓட்டிவந்த சிறு படகுக்காகக் காத்து நின்றேன். அந்த ஊர் மக்களுக்கு அது புதிதல்ல. வெள்ளம் வரும் என்று தெரிந்ததும் கடைச் சரக்கை மாடிக்கு ஏற்றிவிட்டு அமைதியாக இருக்கிறார்கள். 2025 அக்டோபர் இறுதியில் அந்த நகரம் மறுபடியும் பெருவெள்ளத்தில் மூழ்கியது.

இரண்டு நாடுகளிலும் வானம் ஒத்துழைக்கும் இடைவெளி பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. அதிலும் பிப்ரவரியில் தா நாங்கில் சில நாள் மூடிய வானமும் தூறலும் இருக்கும், கடல் நீர் கொஞ்சம் குளிர்ந்திருக்கும். மார்ச்சில் இரண்டும் சரியாகிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் தா நாங் கடல் இன்னும் நன்றாக இருந்தாலும், அங்கோரின் கற்கள் அப்போது நம் அக்னி நட்சத்திரத்துக் கோயில் பிராகாரத்தைப் போலக் கொதிக்கும். உங்கள் அம்மாவை அந்த வெயிலில் நடக்கவிடுவது நியாயமல்ல. இதில் இரண்டு பண்டிகைகளையும் கவனிக்க வேண்டும். வியட்நாமியரின் சந்திரப் புத்தாண்டான தெத், ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில் வரும்; அந்த வாரத்தில் உள்ளூர் விமானங்கள் நிரம்பிவிடும், பல கடைகள் அடைத்திருக்கும். கம்போடியப் புத்தாண்டு நம் சித்திரைப் பிறப்பையொட்டியே ஏப்ரல் நடுவில் வருகிறது. அப்போது சியெம் ரீப்பில் அறை கிடைப்பது கடினம். பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மார்ச் என்பது தேர்வு மாதம், அவர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. உங்கள் கடிதத்தில் பிள்ளைகள் இல்லை என்பதால் துணிந்து சொல்கிறேன்.

அலுவலகம் டிசம்பரைத் தவிர வேறு மாதம் தராது என்றால் கடலை மாற்றுங்கள், கோயிலை அல்ல. தாய்லாந்து வளைகுடாவைப் பார்த்த கம்போடிய, தென்வியட்நாம் கரைகளுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம்; சியெம் ரீப்புடன் அச்சாகப் பொருந்தும். கம்போடியாவிலேயே கோ ரோங், கோ ரோங் சம்லோம் தீவுகள் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்குப் படகு ஏறும் சிகனூக்வில் நகரம் சூதாட்ட விடுதிகளாலும் பாதியில் நின்ற கட்டடங்களாலும் நிறைந்து போய்விட்டது, அங்கே ஓர் இரவுகூடத் தங்க வேண்டியதில்லை, நேரே படகுத்துறைக்குப் போய்விடுங்கள். வியட்நாமுக்குச் சொந்தமான ஃபூ குவோக் தீவு இன்னும் வசதியானது. வெளிநாட்டிலிருந்து நேராக அந்தத் தீவுக்கு வந்து அங்கிருந்தே திரும்புபவர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை என்பது கூடுதல் வசதி. ஆனால் ஃபூ குவோக்கில் பழங்கோயில் எதுவும் இல்லை. கடல் ஒரு நாட்டில், கோயில் மறு நாட்டில் என்று பிரிந்த பயணமாக அது ஆகிவிடும். மார்ச் பயணத்தில் கிடைக்கும் ஒரு பெரிய லாபம் அதில் கிடைக்காது. அது என்ன என்பதை அங்கோரின் பயோன் கோயிலுக்கு வரும்போது சொல்கிறேன்.

தாய்லாந்தை விடச் சொன்னதற்குக் காரணம் இரண்டு. பாங்காக்கிலிருந்து சாலை வழியாகப் போய்பெட் எல்லையைக் கடந்து சியெம் ரீப் போகும் பழைய மலிவான பாதையை நம்பித்தான் பல பயணக் குறிப்புகள் எழுதப்பட்டிருக்கின்றன. 2025 ஜூனில் அந்த எல்லைக் கடவுகள் மூடப்பட்டன. அந்த ஆண்டு ஜூலையிலும் மீண்டும் டிசம்பரிலும் இரு நாட்டுப் படைகளும் மோதிக்கொண்டன. பழைய குறிப்பை நம்பிப் பேருந்துச் சீட்டு வாங்கிவிடாதீர்கள்; மலை உச்சியில் எல்லையோரமாக நிற்கும் பிரியா விஹார் கோயிலையும் இம்முறை பட்டியலில் சேர்க்காதீர்கள்; பணம் கட்டுவதற்கு முந்தைய வாரத்தில் நம் வெளியுறவுத் துறையின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது காரணம் வெறும் கணக்கு. ஒரு நாட்டிலிருந்து மற்றொன்றுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான் என்பார்கள். அறையைக் காலி செய்து, நிலையத்துக்குப் போய், வரிசையில் நின்று, குடிவரவு முடித்து, புது ஊரில் அறைக்குள் பெட்டியை வைக்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். ஒவ்வொரு எல்லையும் ஒரு பகலைத் தின்னும். பத்து நாளில் போக வர இரண்டு நாள் போக எட்டு. அதில் ஒரு பகலை எல்லைக்குக் கொடுக்கலாம், இரண்டைக் கொடுத்தால் கடலில் கால் நனைக்க நேரம் இருக்காது.

வரிசை இதுதான்: முதலில் தா நாங், ஹோய் ஆன், கடைசியில் சியெம் ரீப். கோயில்களில் நடந்து களைத்த பிறகு கடற்கரையில் ஓய்வெடுப்பதுதானே முறை என்று உங்கள் மனைவி கேட்கலாம், அந்த வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அங்கோர் வாட்டைப் பார்த்துவிட்டு வியட்நாமின் மி சொன் கோயில்களுக்குப் போகிறவர்கள் "இவ்வளவுதானா" என்று திரும்பிவிடுகிறார்கள்; கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து இறங்கிய கையோடு கிராமத்துச் செங்கல் தளி ஒன்றின் முன் நிறுத்தப்பட்டவர்களைப் போல. சிறியதை முதலில் பார்த்தால் அதற்கு உரிய மரியாதை கிடைக்கும். சியெம் ரீப்பில் ஓய்வுக்கு நீச்சல் குளம் உள்ள விடுதியாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். நடுத்தர விடுதிகளிலேயே அது உண்டு.

திருச்சியிலிருந்து கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழியாகத் தா நாங் போய், திரும்பும்போது சியெம் ரீப்பிலிருந்து அதே ஊர் வழியாக வருமாறு சீட்டு எடுக்க வேண்டும். போன இடத்துக்கே திரும்பி வந்து ஏறும் சீட்டு மலிவாகத் தெரிந்தாலும் எடுக்காதீர்கள். அப்படிச் செய்தால் கம்போடியா போய்விட்டு வியட்நாமுக்குள் இரண்டாம் முறை நுழைய நேரும். ஒருமுறை மட்டும் நுழையும் மின்விசா வைத்திருப்பவர்களை விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள். வியட்நாம் மின்விசாவில் ஒருமுறை நுழைவதற்கு 25 டாலர், பலமுறை என்றால் 50 டாலர்; 2023 ஆகஸ்டிலிருந்து 90 நாள் வரை தருகிறார்கள். கம்போடியச் சுற்றுலா விசா 30 டாலர், இணையத்தில் வாங்கினால் சிறு சேவைக் கட்டணம் கூடலாம். விமானத்தில் வருகிறவர்கள் வருகைப் படிவத்தையும் இணையத்திலேயே முன்கூட்டி நிரப்ப வேண்டும். இரண்டு நாட்டு அரசுத் தளங்களைப் போலவே தோற்றமளித்து இரட்டிப்புப் பணம் வாங்கும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். முகவரியை எழுத்தெண்ணிப் பாருங்கள். கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரை நிரப்புங்கள். தந்தை பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும் நம்மைப் போன்றவர்கள் சறுக்குவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான்.

தா நாங்கில் இரண்டு இரவு போதும். மீ கே கடற்கரை நகரத்தின் விளிம்பிலேயே நீண்டு கிடக்கிறது. அகலமான வெண்மணல், எதிரே சாலை, சாலைக்கு அப்பால் விடுதிகள். உள்ளூர்க்காரர்கள் குளிப்பது விடியற்காலையில், ஐந்து மணிக்கே. வயதான பெண்கள் கூட்டமாக வந்து உடற்பயிற்சி செய்துவிட்டு இறங்குவார்கள். உங்கள் அம்மாவுக்கு அந்த நேரம்தான் ஏற்றது. உயிர்காப்பாளர்கள் நட்ட கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளியுங்கள். அலை சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளிழுக்கும் நீரோட்டம் உண்டு. வெயில் ஏறியதும், பழைய சம்பா நாட்டை ஆண்ட சாம் மக்களின் சிற்ப அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். 1919-இல் பிரெஞ்சுக்காரர்கள் திறந்த இந்தச் சிறிய கட்டடத்தைத் தவறவிட்டால் மறுநாள் மி சொன்னில் வெறும் செங்கல்தான் தெரியும். ஏனென்றால் அங்கே இருந்த நல்ல சிற்பங்கள் பலவும் இங்கேதான் இருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த, மி சொன்னில் இ1 என்று குறிக்கப்படும் கோயிலின் பீடத்தை நிதானமாகச் சுற்றிப் பாருங்கள். அதன் பக்கங்களில் செதுக்கியிருப்பது தேவர்களையல்ல, காட்டில் வாழும் தவசிகளின் அன்றாடத்தை: ஒருவர் தியானத்தில் இருக்கிறார், ஒருவர் போதிக்கிறார், ஒருவர் இசைக்கருவி வாசிக்கிறார், ஒருவர் நோயாளிக்கு வைத்தியம் பார்க்கிறார்.

ஹோய் ஆன் அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் தெற்கே. காகித விளக்குகளும் தையற்கடைகளும் நிறைந்த பழைய துறைமுக நகரம் அது; மாலையில் கூட்டம் நெரியும், காலை ஏழு மணிக்கு முன் தெருக்கள் உங்களுக்கே. கடலுக்கு ஆன் பாங் பக்கம் போங்கள். பழைய குறிப்புகள் புகழும் குவா தாய் கடற்கரையைக் கடல் பெரிதும் அரித்துவிட்டது. இங்கே மூன்று இரவு தங்கி, ஒரு நாளை முழுதாக எதுவும் செய்யாமல் கடலோரம் சாய்வு நாற்காலியில் கழிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பயணத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் வெட்டுவது இந்த நாளைத்தான், பிறகு கடைசி மூன்று நாளும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிவதற்கு அதுவே காரணம்.

மி சொன் ஹோய் ஆனிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர், காரில் ஒரு மணி நேரம். ஆறு மணிக்குத் திறக்கிறார்கள். சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்குள், அதாவது ஒன்பதுக்குள், பார்த்து முடித்துவிட வேண்டும். வாயிலிலிருந்து கோயில்களுக்கு அருகில்வரை மின்வண்டி உண்டு, அதற்குமேல் நடை எளிது. மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணத்துக்குள் இருக்கும் இந்த இடத்தில் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் சம்பா நாட்டு அரசன் பத்திரவர்மன் ஒரு சிவலிங்கத்தை நிறுவி, தன் பெயரைச் சேர்த்துப் பத்திரேசுவரர் என்று வழங்கினான். ராஜசிம்மேச்சரம், இராசராசேச்சரம் என்று பழகிய நமக்கு இந்த வழக்கத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த மரக்கோயில் எரிந்துபோக, ஏழாம் நூற்றாண்டில் சம்புவர்மன் செங்கல்லால் மீண்டும் எடுப்பித்து, இறைவன் பெயரைச் சம்புபத்திரேசுவரர் என்று நீட்டினான். பதின்மூன்றாம் நூற்றாண்டுவரை அரசர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கட்டிக்கொண்டே போனதில் கோயில்கள் எழுபதைத் தாண்டின. இன்று நிற்பவை கொஞ்சம்தான். 1969 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசியபோது, எல்லாவற்றிலும் உயர்ந்ததாக நின்ற ஏ1 கோபுரம் தரைமட்டமானது. குண்டுப் பள்ளங்கள் புல் மூடி இப்போதும் கோயில்களுக்கு நடுவே கிடக்கின்றன.

பி, சி, டி என்று எழுத்திட்ட தொகுதிகள்தான் ஓரளவு முழுமையாக இருப்பவை. அங்கே ஒரு சுவரின் அருகில் போய்க் கண்ணை ஒட்டிவைத்துப் பாருங்கள். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சாந்து தெரியாது. கத்தி நுனி நுழையாத அளவுக்கு ஒட்டியிருக்கும். மரப்பிசினால் ஒட்டினார்கள் என்பது ஒரு கருத்து, அது முடிவாகிவிட்ட விஷயமல்ல. சுவரைக் கட்டி முடித்த பிறகு அதன்மேலேயே நேராக உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அதனால் ஒரே முகம் இரண்டு மூன்று செங்கல்களில் பரவிக் கிடக்கிறது. ஆயிரம் ஆண்டுப் பழைய செங்கல் செக்கச்செவேலென்று இருக்க, இருபதாம் நூற்றாண்டில் பழுதுபார்க்க வைத்த செங்கல்லில் பாசி படர்ந்திருப்பதையும் காணலாம். எது பழையது எது புதியது என்று வழிகாட்டி இல்லாமலே உங்கள் அம்மாவால் பிரித்துச் சொல்ல முடியும். இந்தியத் தொல்லியல் துறை இங்கே சில ஆண்டுகள் பணி செய்தது. 2020-இல் ஏ10 கோயிலைச் சீர்செய்தபோது ஒரே மணற்கல்லில் வடித்த ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவலிங்கம் வெளிப்பட்டது. அதை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகவில்லை, அங்கேயே பார்க்கலாம்.

ஆறாம் நாள் இடம் மாறும் நாள். உங்கள் தேதிக்குத் தா நாங்கிலிருந்து சியெம் ரீப்புக்கு நேர் விமானம் கிடைத்தால் நல்லது. இல்லையேல் ஹோ சி மின் நகரில் மாற வேண்டும், இரண்டையும் ஒரே சீட்டாக எடுத்தால் பெட்டியைப் பற்றிய கவலை இல்லை. 2023 அக்டோபரிலிருந்து சியெம் ரீப்புக்குப் புது விமான நிலையம். பழையது ஊரை ஒட்டி இருந்தது, புதியது ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவு. விடுதியிடம் முன்கூட்டியே சொல்லிக் கார் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பும் நாளிலும் இந்த ஒரு மணி நேரத்தை மறந்துவிடாதீர்கள். பணத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கம்போடியாவில் அமெரிக்க டாலர் தாராளமாகப் புழங்கும். ஆனால் ஓரம் கிழிந்த, மை பட்ட நோட்டை ஒருவரும் வாங்க மாட்டார்கள், ஊரிலிருந்து புறப்படும்போதே புது நோட்டாகப் பார்த்து வாங்குங்கள். வியட்நாமில் டாங் மட்டும்தான். அதில் 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் மங்கிய வெளிச்சத்தில் ஒன்றுபோல நீலமாகத் தெரியும். டாக்சிக்குக் கொடுப்பதற்கு முன் சுழியங்களை எண்ணுங்கள்.

அங்கோருக்கு ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62 டாலர். மூன்று நாள் சீட்டைப் பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம் என்பதால் நடுவில் ஒரு நாள் ஓய்வெடுத்தாலும் நட்டமில்லை. உங்களுக்கு அதுதான் சரி. சீட்டில் உங்கள் படம் அச்சிட்டிருக்கும், கோயிலுக்குக் கோயில் கேட்பார்கள், தொலைத்தால் மறுபடி வாங்க வேண்டியதுதான். சுற்றுவதற்கு நம் ஊர் ஆட்டோவைவிட வசதியான, எதிரெதிர் இருக்கை உள்ள துக்துக் வண்டியை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்ளலாம்.

எல்லோரும் செய்வது, விடியற்காலை நாலரைக்கு எழுந்து அங்கோர் வாட் குளத்தின் முன் ஆயிரம் பேரோடு தோளோடு தோள் இடித்து நின்று சூரியோதயத்தைப் படம் பிடிப்பது. என்னைக் கேட்டால் அது வேண்டாம். அங்கோர் வாட் மேற்கு பார்த்த கோயில். காலையில் முகப்பு நிழலில் கிடக்கும், பிற்பகலில்தான் வெயில் அதன்மேல் விழுந்து கல் பொன்னாகும். காலை ஏழரைக்கு மற்ற கோயில்கள் திறக்கும்போது பயோனுக்குப் போங்கள்.

பயோனின் புன்னகைக்கும் முகங்களைத்தான் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். நீங்கள் முதலில் கீழே, வெளிச்சுற்றின் தெற்குச் சுவருக்குப் போங்கள். அங்கே ஒரு நீர்ப்போர் செதுக்கப்பட்டிருக்கிறது: நீண்ட படகுகள், வரிசையாகத் துடுப்புப் போடுகிறவர்கள், ஈட்டிகள், தண்ணீரில் விழுந்தவர்கள், அவர்களைக் காத்திருக்கும் முதலைகள். ஒரு பக்கத்து வீரர்கள் வெறுந்தலையாக, முடியை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். மறு பக்கத்தார் கவிழ்த்த தாமரை போன்ற தலையணி அணிந்திருக்கிறார்கள். தலையணி அணிந்தவர்கள் சாம் மக்கள். சில நாள் முன்பு நீங்கள் நின்ற மி சொன்னைக் கட்டியவர்கள் அவர்களே. 1177-இல் சம்பா அரசன் படையெடுத்து வந்து அங்கோரைச் சூறையாடினான். அவர்களை விரட்டி 1181-இல் முடிசூடிய ஏழாம் ஜெயவர்மன்தான் இந்தப் பயோனையும், தாய்க்காகத் தா புரோமையும், தந்தைக்காகப் பிரியா கானையும் எழுப்பியவன். பிறகு சம்பாவையே சில காலம் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தான். மார்ச் பயணத்தின் பெரிய லாபம் என்று முன்பு சொன்னது இதைத்தான். மி சொன்னைப் பார்க்காதவருக்கு இது ஏதோ ஒரு போர். பார்த்தவருக்கு எதிரிப் படகில் இருப்பவர்களும் தெரிந்தவர்கள். போர்க் காட்சிக்குக் கீழ் வரிசையில் சேவல் சண்டை, சந்தை, சமையல் என்று சாதாரண வாழ்க்கையும் ஓடுகிறது. அம்மா அதிக நேரம் நிற்பது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

அதே காலையில் மரவேர்கள் பிணைந்த தா புரோமை முடித்துக்கொண்டு, உச்சி வெயிலில் விடுதிக்குத் திரும்பித் தூங்கிவிட்டு, இரண்டரை மணிக்கு மேல் அங்கோர் வாட்டுக்குப் போங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்கு எடுப்பித்த கோயில் இது. சுமார் 190 மீட்டர் அகலமுள்ள அகழியைக் கடந்து மேற்கு வாயிலில் நுழைந்தால், வலப்பக்கம் எட்டுக் கைகளோடு ஒரு விஷ்ணு நிற்கிறார். தா ரியாச் என்ற பெயரில் இன்றும் கம்போடியர்கள் ஊதுவத்தியும் பூவும் வைத்து வணங்குகிறார்கள். அதன் பிறகு நம் பழக்கத்துக்கு மாறாக ஒன்று செய்ய வேண்டும். புடைப்புச் சிற்பங்களின் கதை இடமாகச் சுற்றும்படி அமைந்திருக்கிறது. நாம் வலம் வந்தே பழகியவர்கள், கால் தானாக இடப்பக்கம் திரும்பும்; அப்படிப் போனால் கதை பின்னிருந்து முன்னாக ஓடும். இது அரசனின் ஈமக் கோயிலாகவும் இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுவதற்கு இந்தத் திசையும் ஒரு காரணம். குருச்சேத்திரப் போரில் தொடங்கித் தெற்கே அரசனின் ஊர்வலம், சொர்க்க நரகம் என்று போய், கிழக்குச் சுவரில் 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடைகிறார்கள்: ஒரு பக்கம் 92 அசுரர், மறு பக்கம் 88 தேவர். கடலின் நடுவில் மத்துக்கு அருகே வரும் மீன்களும் முதலைகளும் சுழற்சியின் வேகத்தில் துண்டு துண்டாக அறுபட்டிருப்பதைப் பாருங்கள். அதைச் செதுக்கியவன் தயிர் கடைந்த வீட்டில் வளர்ந்தவனாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம்.

உச்சியில் உள்ள பாக்கான் என்ற மேல்தளத்துக்குச் செங்குத்தான படிகள். மேலே கைப்பிடி வைத்த மரப்படி போட்டிருந்தாலும் முட்டி வலி உள்ளவர்கள் ஏற வேண்டாம். தோளும் முழங்காலும் மூடாத உடையில் வந்தால் ஏறவிட மாட்டார்கள். மாதத்தில் நான்கு பௌத்த நோன்பு நாள்களில் மேல்தளம் அடைத்திருக்கும். பௌர்ணமி, அமாவாசை, இரண்டு அட்டமிகள் என்று நம் நாட்காட்டியை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். நீங்கள் ஏறும்போது அம்மா கீழே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கட்டும், காற்று நன்றாக வரும்.

அங்கோரில் இரண்டாம் நாளை முழுதாகப் பந்தியே ஸ்ரே கோயிலுக்குக் கொடுங்கள். ஊரிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவு. இதற்கு மட்டும் துக்துக்கை விட்டுக் காரில் போவது நல்லது. 967-இல் குடமுழுக்குக் கண்ட இந்தச் சிவன் கோயிலைக் கட்டியது அரசனல்ல, யக்ஞவராகர் என்ற அரச குரு. எல்லாம் சிறியது, வாயிலில் குனிந்துதான் நுழைய முடியும், உட்பகுதிக்குள் இப்போது விடுவதில்லை. ஆனால் இளஞ்சிவப்பு மணற்கல்லில் சந்தன மரத்தில் செதுக்கியதைப் போன்ற வேலை. நூலகம் என்று அழைக்கும் சிறு கட்டடங்களின் முகப்புகளில் இராவணன் கயிலையை அசைக்கிறான், இந்திரன் காண்டவ வனத்தின்மேல் மழை பொழிகிறான். 1923-இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்திரே மல்ரோ இங்கிருந்து சிற்பங்களைப் பெயர்த்துக்கொண்டு போய்ப் பிடிபட்டார். பிற்காலத்தில் அவரே பிரான்சின் பண்பாட்டு அமைச்சரானார் என்பது வேறு கதை.

நீங்கள் இங்கே தேட வேண்டியது கிழக்கு வாயில் முகப்பொன்றில் ஆடும் சிவனை. பல கைகளை விரித்து ஆடும் அவர் காலடியில், ஓர் ஓரமாக, வற்றித் தொங்கும் மார்பும் எலும்பு தெரியும் உடலுமாக ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அவள் காரைக்கால் அம்மையார் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். தன்னைப் பேய் என்றே பாட்டில் சொல்லிக்கொண்டு, ஆடுகிறவன் திருவடிக் கீழ் இருக்க மட்டும் வரம் கேட்டவர், கடல் கடந்து பத்தாம் நூற்றாண்டுக் கம்போடியக் கல்லில் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். சிற்பம் உயரத்தில் இருக்கிறது, உருவமும் சிறியது. ஒரு சிறு தொலைநோக்கியோ படத்தைப் பெரிதாக்கும் கேமராவோ இல்லாமல் போனால் கழுத்து வலிதான் மிஞ்சும். நான் முதல் முறை கீழேயே நின்று பார்த்துவிட்டு, அறைக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிய பிறகுதான் அம்மையாரைக் கண்டேன்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வியட்நாமில் பலகையில் "சாய்" என்று எழுதியிருந்தால் சைவக் கடை. பௌத்தர்கள் அமாவாசை, பௌர்ணமியையொட்டி சைவம் சாப்பிடுவதால் சின்ன ஊரிலும் ஒன்றாவது இருக்கும். மற்ற கடைகளில் "காய்கறி மட்டும்" என்று கேட்டாலும் மீன் சாறு சேர்த்துவிடுவார்கள், அதை அவர்கள் அசைவமாகக் கருதுவதில்லை. கம்போடியாவில் புளித்த மீன் விழுது அதே வேலையைச் செய்யும். சியெம் ரீப்பிலும் தா நாங்கிலும் இந்திய உணவகங்கள் உண்டு. ஆனாலும் பொடியும் கொஞ்சம் அவலும் அம்மாவின் பெட்டியில் இருக்கட்டும், மி சொன் போகும் விடியலில் எந்தக் கடையும் திறந்திருக்காது.

மூன்றாம் நாள் சீட்டைப் பிரியா கானுக்கு வைத்துக்கொள்ளலாம். நெடிய கூடம், குறைந்த கூட்டம், நடை மட்டும் கொஞ்சம் அதிகம். விமானம் தாமதித்தோ உடம்பு முடியாமலோ ஒரு நாள் போய்விட்டால் வெட்ட வேண்டியது பிரியா கானை, அடுத்துத் தா நாங்கின் இரண்டாம் இரவை. மி சொன்னையும் பந்தியே ஸ்ரேயையும் வெட்டாதீர்கள். சீட்டு எடுப்பதற்கு முன் அந்த ஆண்டின் தெத் தேதியைப் பார்த்து, அதிலிருந்து இரண்டு வாரமாவது தள்ளிப் புறப்படும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.